ஆரஞ்சு சட்டை

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிற வாண்டுகளுக்குத் தனி டிரெஸ் விற்கிறார்கள். இலை, சருகு அச்சடித்த பேன்ட், ஜாக்கெட். அடுத்த வருஷமே பிள்ளை வளர்ந்துவிடும் இல்லையா... அதனால் விலையும் மலிவு.

பார்க்க அழகுதான். ஆனால், மானிடமிருந்து மறைக்கிற துணி, தூரத்தில் துப்பாக்கியோடு நிற்கிறவரிடமிருந்தும் மறைத்துவிடுமே! உயிர் காப்பது, மேலே மாட்டுகிற பளீர் ஆரஞ்சு சட்டைதான். மானின் கண்ணுக்கு அந்த நிறம் சரியாகப் பிடிபடாது. மனுஷக் கண்ணுக்குப் பளிச்.

விஸ்கான்சினில் துப்பாக்கி சீசனில் இடுப்புக்கு மேலே பாதியாவது ஆரஞ்சு இருக்கவேண்டும் என்பது சட்டம். 2016-ல் பளீர் பிங்க்கும் சேர்ந்தது. 2017-ல், பெரியவர் துணையோடு வேட்டையாடக் குறைந்தது 10 வயது என்ற விதியையே எடுத்துவிட்டார்கள்.

சட்டையின் நிறம் பார்க்கிற சட்டம், அதைப் போடுகிற பிள்ளையின் வயசைப் பார்க்க வேண்டாமோ?