தெருத் திருப்பமே தூரிகையான இடம்

எர்னஸ்ட் ஜகாரெவிச் என்றால் பினாங்கில் சைக்கிள் பிள்ளைகள் நினைவுக்கு வருவார்கள். ஜொகூர் பாருவில் லெகோ பொம்மைதான். லித்துவேனியாவில் 1986இல் பிறந்து பினாங்கில் தங்கிவிட்ட இந்த ஓவியர், 2012 ஜார்ஜ்டவுன் விழாவுக்கு வரைந்த சுவரோவியங்களால் ஒரே ஆண்டில் புகழ்பெற்றார். அடுத்த ஆண்டு நவம்பரில் ஜொகூர் பாருவின் தாமான் மோலெக்கில் ஒரு மூலைச் சுவரில் அவர் வரைந்த லெகோ படத்தைச் சில நாள்களிலேயே மாநகர் மன்றம் வெள்ளையடித்து மறைத்தது. அதை ஒரு குறும்பு என்று ஒதுக்கிவிடுவது சுலபம். அவருடைய பாணி எப்படி வளர்ந்தது என்று பார்க்கிறவர்கள் அங்கே கொஞ்சம் நின்றாக வேண்டும்.

முதலில் பினாங்கு. ஆர்மீனியன் தெருவில் பழைய சைக்கிள் ஒன்று சுவரோடு பொருத்தப்பட்டிருக்கிறது. அக்கா மிதிக்கிறாள், பின்னால் தம்பி அவளைக் கட்டிக்கொண்டு வாய் பிளந்து கத்துகிறான். பிள்ளைகள் வண்ணம், சைக்கிள் இரும்பு. சைக்கிளைக் கழற்றிவிட்டால் பிள்ளைகள் அந்தரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகளை அழித்துவிட்டால் மிஞ்சுவது காயலான் கடைச் சரக்கு. வண்ணத்தைக் கனமாகப் பூசாமல், உரிந்த சுண்ணாம்பும் முகத்தின் நிறத்தில் பங்கு பெறும்படி விட்டிருக்கிறார். ஆ குவீ தெருவில் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து திரும்பிப் பார்க்கும் பையனிடமும் இதே கைதான். தேர்ந்த கை, சந்தேகமில்லை.

ஆனால் அந்தக் கை சொல்வது என்ன? இந்தத் தெருக்கள் இருக்கும் ஜார்ஜ்டவுனில் வாடகைக் கட்டுப்பாடு 2000இல் நீங்கியது. பழைய கடைவீடுகளில் குடியிருந்த குடும்பங்கள் பல வெளியேறின. 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் நகருக்கு இடம் கிடைத்தது. குடும்பங்கள் குறைந்துபோன தெருக்களின் சுவர்களில் 2012இல் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். இந்த முரணில் ஒரு கூர்மை ஒளிந்திருக்கிறது, ஆனால் ஓவியம் அதைத் தொடவில்லை. சுற்றுலாப் பயணி சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார். ஏக்கத்தைத் தடவிக்கொடுப்பதோடு இந்தப் பாணி திருப்தியடைந்துவிட்டது என்பேன். பிறகு நாடெங்கும் சுவருக்குச் சுவர் சைக்கிளை மாட்டத் தொடங்கினார்கள். சொந்தப் பாணி ஊர்ச்சரக்காகிவிட்டால் அதைப் படைத்தவருக்கே அதில் மூச்சுவிட இடமிருக்காது.

தாமான் மோலெக்கில் அவர் அந்தப் பாணியை அப்படியே கீழே வைத்துவிட்டார். பிள்ளை இல்லை, சைக்கிள் இல்லை, மெல்லிய வண்ணமும் இல்லை. சுவரின் ஒரு பக்கம் சனெல் கைப்பையோடு நடந்துவரும் லெகோ பெண். மூலை திரும்பினால் மறுபக்கத்தில் கத்தியோடு காத்திருக்கும் லெகோ திருடன். அவளுக்கு அவன் தெரியாது. மூலைக்கு நேரெதிரே நிற்கிற நமக்கு இருவரும் தெரிவார்கள். இங்கே தெருத் திருப்பம்தான் சைக்கிள். நிஜப் பொருளும் வரைந்த உருவமும் சேர்ந்தால்தான் படம் என்ற பழைய விதி அப்படியே இருக்கிறது, பொருள் மட்டும் மாறிவிட்டது. வெளியிலிருந்து கொண்டுவந்து மாட்டுவதற்குப் பதிலாக, அந்த இடத்தில் ஏற்கெனவே இருந்த ஆபத்தை அவர் எடுத்துக்கொண்டார். வழிப்பறிக்குப் பயந்து கைப்பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்த பெண்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது. லெகோலேண்ட் கேளிக்கைப் பூங்கா 2012 செப்டம்பரில் ஜொகூரின் நூசாஜெயாவில் திறக்கப்பட்டு அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. மாநிலம் பெருமையோடு காட்டிய பொம்மையின் கையிலேயே கத்தியைக் கொடுத்தார்.

குறையும் சொல்ல வேண்டும். இரண்டு புள்ளி, ஒரு வளைகோடு: அந்த மஞ்சள் முகத்தை யாரும் வரைந்துவிடலாம். பார்த்த மாத்திரத்தில் வெடிக்கும் இந்த வகைக் கிண்டலைத் தெரு ஓவியர் பேங்க்ஸி முன்பே பழக்கிவிட்டார். வெள்ளையடித்ததால் கிடைத்த புகழையும் ஓவியத்தின் தகுதிக் கணக்கில் சேர்க்கக்கூடாது. தடை எந்தப் படத்தையும் நல்ல படமாக்கிவிடாது. இவ்வளவையும் கழித்த பிறகும் அந்த மூலை மிஞ்சுகிறது. ஒரு தட்டையான சுவரில் இந்தப் படத்தை வரையவே முடியாது. யாரோ ஒருவர் கைவிலங்கோடு ஒரு லெகோ போலீஸ்காரரையும் அங்கே சேர்த்துவிட்டுப் போனார். பினாங்குச் சைக்கிளில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டவர்கள் இப்படிக் கதையை நீட்டவில்லை.

அதன் பிறகு பாணி நேர்கோட்டில் போகவில்லை. 2014 தொடக்கத்தில் ஜார்ஜ்டவுனின் ஹின் பஸ் டிப்போவில் குப்பைப் பொருள்களைக் கொண்டே ஒரு கண்காட்சி. அதே ஆண்டு ஈப்போவில் ஒரு காப்பிக்கடை நிறுவனத்துக்காகக் கோப்பை ஏந்திய முதியவர்: பிரம்மாண்டம், கைத்திறன், யாருக்கும் உறுத்தாத சமர்த்து. ஜொகூருக்குப் பிறகு இதைப் பார்க்கும்போது பின்வாங்கல் என்றுதான் தோன்றுகிறது, கூலிக்குச் செய்த வேலை என்று மன்னித்தாலும்கூட. மூலைச் சுவரின் உண்மையான தொடர்ச்சி 2018இல் வடசுமத்ராவில் வந்தது. மீண்டும் காடாக்குவதற்காக வாங்கிய செம்பனைத் தோட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களை வெட்டி, வானிலிருந்து படிக்கும்படி எஸ்.ஓ.எஸ். என்ற அபாய அழைப்பை எழுதினார். வரைந்த உருவம் அடியோடு போய்விட்டது; இடமே படம். செம்பனை நிரைகளுக்கு நடுவே வளர்ந்த மலேசியத் தோட்டத் தமிழர்களுக்கு அந்த எழுத்தில் தங்கள் குரலும் கேட்கும், ஆனால் அதை ஓவியரின் கணக்கில் எழுத முடியாது.

ஆகவே ஒரு படைப்பாக எடைபோட்டால் ஆர்மீனியன் தெருதான் மேல். ஜொகூர் மூலைச் சுவர் நடுத்தரம். பாணியின் வளர்ச்சி என்று கேட்டால் வரிசை தலைகீழாகிறது. அடையாளமாகிவிட்ட கையெழுத்தை விட்டுக்கொடுத்து, அதன் அடியில் இருந்த யோசனையை மட்டும் தாமான் மோலெக்குக்கு எடுத்துவந்தார். சுமத்ராவுக்குப் போனதும் அதுதான். பினாங்கில் கை இருந்தது, ஜொகூரில் துணிச்சல் இருந்தது. அக்காவின் முகத்தை வரைந்த அந்தக் கையாலேயே கைப்பையோடு நடக்கும் பெண்ணின் முகத்தையும் வரைந்திருந்தால் வெள்ளையடிக்க வந்தவருக்கும் ஒரு கணம் கை தயங்கியிருக்கும். அந்தப் படம் இன்னும் பாக்கி.