எந்த நூலுக்கும் பொருந்தும் முன்னுரை

முதுகலைத் தமிழ் படிக்கும் மாணவி ஒருவர் பட்டினப்பாலை பற்றிப் பருவக் கட்டுரை எழுதிக்கொண்டு வந்தார். முதல் பத்தி இப்படி இருந்தது: ‘உலகின் மூத்த மொழிகளுள் தமிழும் ஒன்று. தமிழர் பண்டைக்காலம் தொட்டே வீரம், காதல், கொடை, வணிகம் எனப் பல துறைகளிலும் சிறந்து விளங்கினர். சங்க இலக்கியம் அவர்தம் வாழ்வைக் காட்டும் காலக்கண்ணாடி. அவ்வகையில் பட்டினப்பாலை காட்டும் வணிகச் செய்திகளை இக்கட்டுரையில் காண்போம்.’

பிழை ஒன்றும் இல்லை. சந்திகூடச் சரியாக இருந்தது. பென்சிலை எடுத்துப் ‘பட்டினப்பாலை’யை அடித்துவிட்டு ‘மதுரைக்காஞ்சி’ என்று எழுதினேன். பத்தி அசையவில்லை. ‘வணிக’த்தை அடித்துவிட்டு ‘உணவு’ என்று போட்டேன். அப்போதும் அசையவில்லை. மாணவிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் பொதுக்கட்டுரைக்கு எட்டு மதிப்பெண். குறிப்புச் சட்டகத்தை வினாத்தாளிலேயே தந்துவிடுவார்கள்: முதலில் முன்னுரை, கடைசியில் முடிவுரை, நடுவில் சில உட்தலைப்புகள். விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் ஆசிரியரின் கண் முதலில் தேடுவது அடிக்கோடிட்ட அந்தத் தலைப்புகளைத்தான். பள்ளியில் பழகிய கை முதுகலைக்கு வந்த பிறகும் அதையே எழுதுகிறது.

இந்தச் சட்டகத்தைக் கேலி செய்வது எளிது. நான் செய்ய மாட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு கரையேறியவர்களில் நானும் ஒருவன். கட்டுரை எழுதிப் பழகிய ஒருவர்கூட இல்லாத வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு, மணி அடித்ததும் வெள்ளைத்தாளின் முன் கை நடுங்காமல் இருக்க ஒரு பிடிமானம் வேண்டும். முதல் வாக்கியம் விழுந்துவிட்டால் மற்றவை வந்துவிடும். கட்டுரைக்கு ஒரு வாசல் உண்டு, படிப்பவரிடம் ‘இன்னதைச் சொல்லப்போகிறேன்’ என்று முதலிலேயே தெரிவிக்க வேண்டும் என்பதையும் அது கற்றுத்தருகிறது. ‘காண்போம்’ என்ற பன்மையில் வாசகரையும் கூட அழைத்துக்கொள்ளும் ஒரு மரியாதை இருக்கிறது.

கோளாறு வார்ப்பில் இல்லை, வார்ப்பு பழக்கிவிடும் போக்கில் இருக்கிறது. உலகம், தமிழ், சங்க இலக்கியம், பிறகு நூல் என்று உயரத்திலிருந்து படிப்படியாக இறங்கி வருகிறது இந்த முன்னுரை. இறங்கி வரும் வழியில் சொல்லப்படும் எதற்கும் யாரும் மறுப்புச் சொல்லப் போவதில்லை. அதனால் அவற்றை யாரும் படிப்பதும் இல்லை. நூலைத் திறக்காமலே எழுதிவிடலாம் என்பதுதான் இதன் உண்மையான வசதி. அந்த வசதிக்குப் பழகியவர், கட்டுரைக்குள்ளும் நூலுக்கு வெளியிலேயே நிற்கிறார்.

இந்த வார்ப்பை நம் மரபு என்று நினைப்பவர்கள் உண்டு. மரபு இதைவிடக் கறாரானது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், நூலுக்குள் போகுமுன் பாயிரத்தைப் பற்றியே விரிவாகப் பேசுகிறது. முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை என்று அதற்கு ஏழு பெயர் சொல்கிறது. (நாம் எழுதி எழுதித் தேய்த்த ‘முன்னுரை’ அந்தப் பட்டியலில் இல்லை.) சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும்: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்வோரும் உண்டு என்கிறது.

எட்டும் எட்டுக் கேள்விகள். ஒவ்வொன்றுக்குமான விடை அந்த ஒரு நூலுக்கு மட்டுமே பொருந்தும். தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் பாடிய பாயிரம் வடக்கே வேங்கடம் தெற்கே குமரி என்று எல்லை சொல்கிறது, நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவையைச் சொல்கிறது, அங்கே கேட்டுத் தெளிந்த அதங்கோட்டாசானைச் சொல்கிறது. அதைப் பெயர்த்தெடுத்து இன்னொரு நூலின் முகப்பில் ஒட்ட முடியுமா?

ஆனால் பாயிரத்தை அப்படியே இன்றைய கட்டுரைக்கு மாதிரியாக வைத்துவிடவும் முடியாது. தற்புகழ்ச்சி ஆகாது என்பதால் சிறப்புப் பாயிரத்தை நூல் செய்தவரின் ஆசிரியரோ உடன் கற்றவரோ மாணாக்கரோ உரைகாரரோ செய்ய வேண்டும் என்பது நன்னூலின் விதி. நூல் முடிந்தபின் வேறொருவர் தரும் சான்று அது. அதில் பெருமைக்கு இடம் உண்டு, ஐயத்துக்கு இடம் இல்லை. காரணம் என்ற இடத்திலும், எழுதச் சொன்னவர் இன்னார் என்பதே பெரும்பாலும் வரும். நன்னூலுக்கு அவர் சீயகங்கன். இன்றைய மாணவருக்குச் சீயகங்கன் பல்கலைக்கழகம்தான்.

தமிழ்த்துறை ஆய்வேடுகளின் முன்னுரையில் இந்த எட்டில் பெரும்பாலானவை வேறு பெயரில் உயிரோடு இருக்கின்றன. வழி என்பது முன்னாய்வுகள் ஆயிற்று. நுதலிய பொருள் ஆய்வுப்பொருள் ஆயிற்று. நூல் வழங்கும் நிலப்பரப்பைக் குறித்த எல்லை, இப்போது ‘இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்’ என்று போடும் வேலியாகிவிட்டது. காணாமல் போனவர் கேட்போர் மட்டும். யாருக்காக எழுதுகிறோம் என்று எந்த ஆய்வேடும் சொல்வதில்லை. புறத்தேர்வாளருக்கு என்று சொல்லக் கூச்சமாக இருக்கலாம். புதிதாக வந்து சேர்ந்தது கருதுகோள். ‘பட்டினப்பாலையில் வணிகச் செய்திகள் இடம்பெற்றுள்ளன என்பது இவ்வாய்வின் கருதுகோள்’ என்று எழுதுகிறார்கள். பொய்யாகவே முடியாத ஒன்றுக்குக் கருதுகோள் என்ற பெயர் எதற்கு?

மேலைக் கல்வியுலகம் முன்னுரைக்கு வேறொரு வழி கண்டது. ஜான் ஸ்வேல்ஸ் என்ற மொழியியலாளர் 1981இல் 48 ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளைப் பிரித்துப் பார்த்தார். 1990இல் வந்த நூலில் அதை மூன்று நகர்வுகளாகச் சுருக்கினார்: களத்தைக் காட்டு, அதில் காலியாக உள்ள இடத்தைக் காட்டு, அங்கே போய் உட்கார். பேருந்தில் சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போன்றது. இதன் பலம் நடு நகர்வில் இருக்கிறது: முன்பு எழுதியவர்களைப் படிக்காமல் காலியிடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. பலவீனமும் அங்கேதான். ‘இப்பொருளில் இதுவரை எவரும் ஆய்வு நிகழ்த்தவில்லை’ என்ற வாக்கியத்தைத் துண்டு போல வீசிவிட்டு உள்ளே ஏறுகிறார்கள். அந்த இருக்கையில் ஏன் யாரும் உட்காரவில்லை, ஒருவேளை உடைந்த இருக்கையோ என்று பார்ப்பதில்லை.

மாணவியிடம் இவை எதையும் நான் சொல்லவில்லை. கட்டுரையை மூடிவைத்துவிட்டு, “நூலைப் படிக்கும்போது எந்த இடத்துல நின்னேம்மா?” என்று மட்டும் கேட்டேன்.

“மூட்டைக்குப் புலி முத்திரை குத்துறாங்களே, அங்க ஐயா” என்றார். கொஞ்சம் யோசித்து, “இன்னொண்ணும் இருக்கு. குதிரை, மிளகு, முத்து, பவளம்னு அவ்வளவையும் அடுக்கிட்டு, இந்தப் பட்டினமே கிடைச்சாலும் தலைவியை விட்டு வரமாட்டேன்னு தலைவன் சொல்றான். வேண்டாங்கிறவன் எதுக்கு ஐயா இவ்வளவு கணக்குப் பார்க்கிறான்?”

“இதை எழுதியிருக்கியா?”

“கடைசிப் பக்கத்துல ஒரு வரி இருக்கு ஐயா.”

பெரும்பாலான கட்டுரைகளில் முன்னுரை இப்படித்தான் கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. ‘முன்னுரையைக் கடைசியில் எழுது’ என்று சொல்லிவைத்திருப்பதன் நியாயமும் இதுதான். ஆனால் அந்த அறிவுரையை நான் பாதிதான் ஏற்பேன். முன்னுரையே இல்லாமல் தொடங்குபவர் திசை தெரியாமல் பத்துப் பக்கம் அலைகிறார். மோசமாகவாவது ஒன்றை முதலில் எழுதிவைத்துக்கொண்டு, கட்டுரை முடிந்ததும் கூசாமல் கிழித்துப்போட வேண்டும். கிழிப்பதுதான் யாருக்கும் மனம் வராத வேலை.

மறுவாரம் வந்த பத்தி: ‘பட்டினப்பாலை 301 அடி. அதில் ஏறத்தாழ 220ஆம் அடியில்தான் தலைவன், காவிரிப்பூம்பட்டினத்தையே பெற்றாலும் தலைவியைப் பிரியேன் என்கிறான். அதுவரை அவன் அந்நகரின் செல்வத்தையே எண்ணிக்கொண்டிருக்கிறான். பொருள் வேண்டாம் என்று முடிக்கும் பாட்டு, பொருளை ஏன் இவ்வளவு விரும்பி விவரிக்கிறது? சுங்கச் சாவடியில் புலிப்பொறி இடும் காட்சியை முன்வைத்து இதற்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.’

குறை இல்லாத பத்தி என்று சொல்ல மாட்டேன். இதே கேள்வியை முன்பு யாரேனும் கேட்டிருக்கிறார்களா என்ற தடயம் இல்லை. சுங்கச் சாவடி ஒன்றை வைத்து இவ்வளவு பெரிய கேள்விக்கு விடை காண முடியுமா என்பதும் ஐயம்தான். ஆனால் இந்த முறை ‘மதுரைக்காஞ்சி’ என்று மாற்றிப் பார்க்கப் பென்சிலை எடுத்தேன்; முதல் வாக்கியத்திலேயே இடித்தது.

எழுந்து போகும்போது கேட்டார்: “இன்டர்னல் உங்க கையில ஐயா. செமஸ்டர் பேப்பரை யார் திருத்துவாங்களோ? இப்படி எழுதினா மார்க் குறையாதா?”

குறையாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. “முன்னுரைன்னு தலைப்புப் போட்டு அடிக்கோடு இழுத்துடும்மா” என்றேன். “அதுக்குக் கீழே இதை எழுது.”