தராசும் கூலியும்

2016ஆம் ஆண்டு ஒக்டோபரிற் கைச்சாத்தான தோட்டத் தொழிலாளர் கூட்டு ஒப்பந்தத்தை ஓர் இலக்கிய நூலைப் போல வரிவரியாக வாசித்தல் வேண்டும். நாட்கூலி 730 ரூபா என்று பறைசாற்றப்பட்டது. உட்பிரிவுகளைப் பார்த்தால், அடிப்படைக் கூலி 500 ரூபா மாத்திரமே. வரவுக்கு 60, விலைப் பங்காக 30, உற்பத்தித் திறனுக்கென 140. நிர்ணயித்த அளவு கொழுந்து தராசில் ஏறாவிட்டால் அந்த 140 இல்லை.

“உற்பத்தித் திறன் கூடட்டும், கூலியும் கூடும்” என்பது கம்பனிகளின் வாதம். கேட்பதற்கு நேர்மையாகவே தோன்றுகிறது. நம் தோழர்களிற் சிலரும் இதே தளத்தில் நின்று, திறன் உயர்ந்துவிட்டது, ஆகவே கடைநிலைத் தொழிலாளியின் கூலியையும் உயர்த்துக என்கின்றனர். அவர்கள் கேட்பது நியாயமே. நிற்கும் இடந்தான் வழுக்குகிறது.

ஒரு நாளில் எத்தனை கிலோ பறிக்கலாம் என்பதை விரல்களின் வேகம் மட்டுமா தீர்மானிக்கிறது? மழை உண்டு, மலைச்சரிவு உண்டு, உரம் உண்டு, செடியின் வயது உண்டு. முதிர்ந்த விதைத் தேயிலை நிற்கும் மலையில் முப்பது வருடக் கைப்பழக்கமும் தோற்கும். மீள்நடுகை செய்த வீ.பீ. தேயிலை மலையில் நேற்றுப் பேர் பதிந்த பெண்ணும் கூடையை நிரப்புவாள். மீள்நடுகையைத் தீர்மானிப்பது அவளா?

2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வருடம் சுமார் 299 மில்லியன் கிலோவாக இருந்த இலங்கைத் தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 251 மில்லியனாக வீழ்ந்தது. பறிப்போரின் கை ஓராண்டிற் சோம்பிவிட்டதென்று எவருஞ் சொல்லார். ஆயினும் கூலியைத் தராசோடு கட்டினால், கொழும்பிற் செய்த பிழைக்கு லயத்து அடுப்பே அபராதம் செலுத்தும்.

நிற்க. திறன் உயரும்போது அதன் பலனிற் பங்கு கேட்பது தொழிலாளியின் உரிமை. அது அடிப்படைக் கூலிக்கு மேலே கேட்கவேண்டிய பங்கு. அடிப்படைக் கூலியோ அரிசி, கோதுமை மா, பிள்ளையின் கொப்பி ஆகியவற்றின் விலையைக் கொண்டு கணிக்கப்படவேண்டியது. முதல்நாள் வேலைக்கு வருபவளுக்கும் பசி முழுப் பசியே.

2019 ஒப்பந்தத்தில் அந்த 140 நீக்கப்பட்டு அடிப்படைக் கூலி 700 ஆயிற்று. வரவுத் தொகையும் போயிற்று. 1000 ரூபா கேட்டுப் போராடியவர்களுக்கு மொத்தத்திற் கூடியது 20 ரூபா. 2024இல் அடிப்படை 1350 ஆயிற்று. 1700இல் எஞ்சிய 350 மறுபடியும் உற்பத்தித் திறன் ஊக்கத்தொகை என்ற பெயரிலேயே பேசப்பட்டது.