ஹோம் அலோன் 3 (திரைப்படம்)

ஹோம் அலோன் 3, 1997 டிசம்பரில் வெளியான அமெரிக்க நகைச்சுவைத் திரைப்படம். ஹோம் அலோன் (1990), ஹோம் அலோன் 2 (1992) ஆகியவற்றை அடுத்து வந்த மூன்றாம் படம் இது. மூன்றையும் எழுதியவர் ஜான் ஹியூஸ். முதலிரு படங்களைக் கிறிஸ் கொலம்பஸ் இயக்கினார். அவற்றின் படத்தொகுப்பாளர் ராஜா கோஸ்னல் இப்படத்தின் இயக்குநரானார். மெக்காலே கல்கின் நடித்த கெவின் இதில் இல்லை. அலெக்ஸ் டி. லின்ஸ், அலெக்ஸ் என்னும் புதிய சிறுவனாக நடித்தார்.

கதைச்சுருக்கம்

ஏவுகணைக்கான மின்னணுச் சில்லு ஒன்றைத் திருடிய நால்வர், அதை ஒரு பொம்மைக் காருக்குள் ஒளித்துக் கொண்டுவருகின்றனர். விமான நிலையத்தில் பை மாறிவிடுவதால், கார் சிகாகோ புறநகரில் வசிக்கும் ஹெஸ் என்ற மூதாட்டியிடம் சேர்கிறது. பனியை அள்ளித் தந்ததற்குக் கூலியாக அவர் அதை அலெக்ஸுக்குக் கொடுக்கிறார். சின்னம்மையால் பள்ளி செல்லாமல் வீட்டில் இருக்கும் அலெக்ஸ், அக்கம்பக்க வீடுகளில் திருடர்கள் நுழைவதைத் தொலைநோக்கியில் காண்கிறான். போலீசை அழைத்தும் யாரும் நம்பாததால், தானே பொறிகள் அமைத்து அவர்களைச் சிக்கவைக்கிறான்.

விமர்சனம்

முதல் படத்தில் பெயிண்ட் டப்பாவும் சூடேறிய கதவுப்பிடியும் நினைவில் நிற்பவை. ஆனால் அவை கடைசிப் பகுதியில்தான் வருகின்றன. அதுவரை நடப்பது கெவினின் மனப்போராட்டம். கோபத்தில், குடும்பமே மறைந்துபோகட்டும் என்று விரும்புகிறான்; விடிந்தால் வீட்டில் ஒருவரும் இல்லை. முதலில் துள்ளிக் குதிக்கிறான். பிறகு தனிமை உறைக்கிறது. கொலைகாரன் என்று எண்ணிப் பயந்த பக்கத்து வீட்டு முதியவர், மகனைப் பிரிந்து வாடுபவர் என்பதைத் தேவாலயத்தில் அறிகிறான். மறுபுறம், அவனது தாய் கிடைத்த வண்டியில் ஏறி வீடு நோக்கி வருகிறார். இவ்வளவும் இருப்பதால்தான் பொறிகள் வெறும் விளையாட்டாகத் தெரிவதில்லை. தான் வேண்டாமென்ற வீட்டையே அவன் காக்கிறான்.

மூன்றாம் படத்தில் பொறிகள் மட்டும் மிஞ்சுகின்றன. அலெக்ஸ் யாராலும் மறக்கப்படவில்லை. அவன் மனம் வருந்தவேண்டிய தவறும் இல்லை. தாய் வேலைக்குப் போய் மாலையில் திரும்பிவிடுகிறார். திருடர்கள் தேடுவது சில்லைத்தான் என்பதால், அதைக் கொடுத்துவிட்டால் வீட்டுக்கு ஆபத்தில்லை என்றே பார்வையாளருக்குத் தோன்றுகிறது. ஹாரி, மார்வ் என்ற இரண்டு அசட்டுத் திருடர்களுக்கு ஒவ்வொரு தனிக்குணம் இருந்தது. இங்குள்ள நால்வரும் தேர்ந்த குற்றவாளிகள் என்று சொல்லப்பட்டு, அடிவாங்குவதற்கு மட்டுமே பயன்படுகின்றனர்.

இப்படத்துக்கே உரிய நல்ல கரு ஒன்று உண்டு: உண்மை சொல்லும் குழந்தையைப் பெரியவர்கள் நம்ப மறுப்பது. நம்பாத பெற்றோர் அதனால் என்ன உணர்ந்தனர் என்பதைக் காட்டியிருந்தால், முதல் படத்தை நகலெடுக்காமலே அதற்கு நிகரான ஆழம் கிடைத்திருக்கும். கதை அதை அவசரமாகக் கடந்து பொறிகளுக்குத் தாவுகிறது.

வரவேற்பு

உலக அளவில் முதல் படம் 47 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. மூன்றாவது 8 கோடியையும் எட்டவில்லை. எனினும் விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இதை முதலிரு படங்களைவிடச் சிறந்ததாகக் கருதி மூன்று நட்சத்திரங்கள் அளித்தார். லின்ஸின் இயல்பான நடிப்பும், அலெக்ஸின் அக்காவாக வரும் ஸ்கார்லெட் ஜொஹான்சனின் இளவயதுத் தோற்றமும் இன்றும் கவனிக்கத்தக்கவை. சிறுவர்கள் சிரித்துப் பார்க்கலாம். ஆண்டுதோறும் கிறிஸ்துமஸில் குடும்பமாக அமர்ந்து பார்க்கும் படமாக முதல் படமே நிலைத்தது.