எழுத்துக்கூட்டி ஒரு ரோமாபுரி

ஜூலை மாதத்து ரோம். பாந்தியன் கோயிலுக்கு எதிரே இருக்கும் நீரூற்றின் படிகளில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். கோடை விடுமுறையில் அங்கேயே தங்கி லத்தீனும் பழைய ரோமானியர் வாழ்க்கையும் படிக்க வந்த பள்ளி மாணவர்கள். சுற்றிலும் செல்பிக் கூட்டம் வருவதும் போவதுமாக இருந்தது. இவர்களோ கோயில் நெற்றியில் உள்ள ஒரே ஒரு வரியை அரை மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் அதே கோயிலை ஏழு நிமிடத்தில் முடித்துவிட்டுப் போனவன் நான். கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இரண்டு படி தள்ளி உட்கார்ந்து காதைக் கொடுத்தேன்.

எழுத்து இருக்கும் இடத்திலேயே நின்று படிக்கும் இந்தப் பழக்கத்தை ரோமில் பரப்பியவர்களில் முக்கியமானவர் ரெஜினால்ட் ஃபாஸ்டர். அமெரிக்காவின் மில்வாக்கியில் பிறந்த கார்மலைட் பாதிரியார். வத்திக்கானில் நாற்பது வருடம் போப்பாண்டவர்களின் லத்தீன் கடிதங்களை எழுதிக்கொடுத்தவர். அங்கி அணியமாட்டார்; பிளம்பர் போட்டுக்கொள்வதுபோல ஒரு நீலச் சட்டைதான். 1985 முதல் கோடைதோறும் இலவசமாக லத்தீன் சொல்லிக்கொடுத்தார். வீட்டுப்பாடத்துக்கு அவர் வைத்த பெயர் ‘வீட்டு விளையாட்டு’. ஒரு எழுத்து எந்த இடத்தைப் பற்றியதோ அந்த இடத்துக்கே போய், நின்று, வாய்விட்டுப் படிப்பது அவர் முறை. 2020 கிறிஸ்துமஸ் அன்று காலமானார். அவரிடம் படித்தவர்கள் தொடங்கிய பைடியா நிறுவனம் இன்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடை வகுப்பு நடத்துகிறது. முறை அதேதான்.

லத்தீன் தெரியாத நமக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. பாந்தியன் நெற்றியிலிருந்தே ஆரம்பிக்கலாம்: ‘எம். அக்ரிப்பா எல். எஃப். காஸ். டெர்ட்டியும் ஃபேகிட்.’ சுருக்கங்களை விரித்தால்: மார்க்கஸ் அக்ரிப்பா, லூசியஸ் மகன், கான்சல், மூன்றாம் முறை, செய்தான்.  தமிழில் சொல்லுக்குச் சொல் அப்படியே உட்காருகிறது. கல்லில் கடைசியாக நிற்கும் ‘செய்தான்’ நம் வாயிலும் கடைசியாகவே வருகிறது.

வேடிக்கை என்னவென்றால், செய்தது அவன் இல்லை. அக்ரிப்பா கட்டிய கோயில் தீக்கிரையானது. இப்போது நிற்பது ஹேட்ரியன் காலத்தில், கி.பி. 125ஐ ஒட்டி முடிந்த கட்டடம். 43 மீட்டர் அகலக் குவிமாடத்தை எழுப்பிய பேரரசன், பழைய ஆளின் பெயரையே நெற்றியில் விட்டுவைத்தான். அந்த வெண்கல எழுத்துகளும் அசல் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழைய பள்ளங்களில் பொருத்தியவை. இவ்வளவும் தெரிந்த பிறகு உள்ளே போனால், அந்தக் குவிமாடத்தைப் பார்க்கிற பார்வையே வேறு.

ரோமில் தாகம் எடுக்காமல் இருக்காது. தெருமுனைகளில் வார்ப்பிரும்புக் குழாய்கள் ஓயாமல் ஒழுகும். வளைந்த மூக்கு இருப்பதால் ‘நசோனி’, அதாவது பெருமூக்கு என்று பெயர். மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேலேயுள்ள ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி வரும், குனியாமல் குடிக்கலாம். குடித்துவிட்டு உடம்பில் பொறித்திருப்பதைப் பாருங்கள்: எஸ்.பி.கியூ.ஆர். சாக்கடை மூடியிலும் அதே நான்கு எழுத்து. ‘செனாட்டுஸ் பொப்புலுஸ்க்வே ரோமானுஸ்’, ‘செனட்டும் ரோம் மக்களும்’. அந்த ‘க்வே’ நம்முடைய ‘உம்’. தனிச் சொல்லாக நிற்காமல் வார்த்தையின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. ‘பொப்புலுஸ்’ என்பதில் ஒகரம் குறில். நெடிலாக்கி ‘போப்புலுஸ்’ என்றால் மக்கள் பாப்ளர் மரமாகிவிடுவார்கள். ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் இந்தக் குறில் நெடிலைப் பிடிக்கப் படும் பாடு கொஞ்சமல்ல. நமக்கு அது அரிச்சுவடியிலேயே கைவந்தது.

பிறகு ரோமன் ஃபோரம். வெயிலில் நடந்தே களைத்துப்போகும் இடம் இது. எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் எதுவும் மிஞ்சாது. பேரரசன் செப்டிமியஸ் செவரஸின் வெற்றி வளைவு ஒன்று போதும். கி.பி. 203ல் எழுப்பியது. கையில் பைனாகுலர் இருந்தால் நல்லது. உச்சியில் உள்ள எழுத்துகளில் நான்காவது வரிக்கு மட்டும் கண்ணைக் கொண்டுபோங்கள். அங்கே எழுத்துக்குச் சம்பந்தமில்லாத இடங்களில் சின்னச் சின்னத் துளைகள். முன்பு இருந்த வெண்கல எழுத்துகளைப் பிடித்திருந்த ஆணித் துளைகள் அவை. துளைகளைக் கோடிட்டு இணைத்தால் ஒரு பெயர் எழும்பி வரும்: கேட்டா. செவரஸின் இளைய மகன். அப்பா செத்த வருடமே, 211ல், அண்ணன் கராகல்லா அவனைக் கொல்லச் செய்தான். தாயின் மடியிலேயே உயிர் போனதாக வரலாற்றாசிரியர் டியோ காசியஸ் எழுதுகிறார். கொன்றது போதாமல் பெயரையும் பெயர்த்தெடுத்து, அந்த இடத்தில் தன்னையும் அப்பனையும் புகழும் வார்த்தைகளை நிரப்பினான். ஆணித் துளைகளை யாரும் சரியாக அடைக்கவில்லை. மாலைச் சாய்வெயிலில் அவை நன்றாகத் தெரியும்.

அங்கிருந்து கொலோசியம் பக்கம் போகிற வழியில் மாக்சென்ஷியஸ் பசிலிக்காவின் ராட்சத வளைவுகள் வரும். எல்லாரும் அண்ணாந்து பார்க்கிற இடம். அதன் அடியில் பேரரசன் டொமிஷியன் காலத்து மிளகுக் கிடங்கின் மிச்சங்கள் இருக்கின்றன. முசிறியில் கப்பலேறிய மிளகு வந்து சேர்ந்த ஊர் இதுதான் என்று ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போகலாம்.

ரயில் நிலையத்தருகே டயோக்ளீஷியன் குளியல் மண்டப அருங்காட்சியகத்தில் கல்லறைக் கற்கள் வரிசையாக இருக்கின்றன. முக்கால்வாசிக் கல்லின் தலையில் டி, எம் என்று இரண்டு எழுத்து, ‘முன்னோர் ஆவிகளுக்கு’. அடுத்து பெயர். அப்புறம் ‘விக்ஸிட்’, ‘வாழ்ந்தான்’ அல்லது ‘வாழ்ந்தாள்’. பின்னால் வருடம், மாதம், நாள். குழந்தைகளின் கற்கள் சிலவற்றில் மணிக்கணக்குகூட இருக்கும். இந்த மூன்றைத் தெரிந்துகொண்டால் ஒரு மதியம் முழுக்கத் தனியாகப் படிக்கலாம். போட்டோ எடுக்காமல் கையால் எழுதிக்கொள்ளுங்கள். ‘யூ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘வி’ இருப்பதும், இடம் போதாமல் கொத்தன் கடைசி எழுத்தைச் சிறிதாக்கித் திணித்ததும் எழுதும்போதுதான் கண்ணில் படும்.

கோடை வகுப்புப் பிள்ளைகள் நேப்பிள்ஸ் பக்கம் போனால் இளைய பிளினியின் கடிதங்களைக் கட்டாயம் படிப்பார்கள். கி.பி. 79ல் வெசூவியஸ் வெடித்தபோது அவனுக்கும் பதினேழு வயது. மிசேனத்தில் மாமா வீட்டில் இருந்தான். மலையை அருகில் போய்ப் பார்க்கலாம் வா என்று மாமா கூப்பிட்டார். படிக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டான். மாமா திரும்பவில்லை. நிலம் ஆடிக்கொண்டிருந்தபோதும் லிவியின் வரலாற்றைக் கையில் வைத்துக் குறிப்பெடுத்ததாக, பிற்பாடு வரலாற்றாசிரியர் டாசிடஸுக்கு அவனே எழுதுகிறான். அது தைரியமா மடத்தனமா என்று அவனுக்கே தெரியவில்லை. வீட்டுப்பாடத்தால் உயிர் தப்பிய பையன் என்பதால் மாணவர்களுக்கு இவனை ரொம்பப் பிடிக்கும்.

ரோமில் எனக்குப் பிடித்தது போர்ட்டா மஜோரே. சுற்றுலாப் பேருந்துகள் பெரிதாகக் கண்டுகொள்ளாத இடம். பேரரசன் கிளாடியஸ் கட்டி முடித்த நீர்வழி தலைக்கு மேலே, டிராம்கள் நாலா பக்கமும், நடுவே பெரிய வட்டத் துளைகளோடு விநோதமான ஒரு கட்டடம். யூரிசேசஸ் என்ற ரொட்டிக்காரரின் கல்லறை; ஈராயிரம் ஆண்டுப் பழசு. பின்னால் வந்த கோட்டைவாசல் அதை விழுங்கிக்கொள்ள, 1838ல் இடித்தபோது வெளியே வந்தது. வட்டத் துளைகள் மாவு பிசையும் தொட்டிகள் என்று பலர் சொல்கிறார்கள். மேலே சிற்பப் பட்டை. கழுதை திரிகையைச் சுற்றுகிறது, ஒருவன் சலிக்கிறான், மேசையைச் சுற்றி நின்று உருட்டுகிறார்கள், ஒருவன் நீளக் கட்டையால் அடுப்புக்குள் தள்ளுகிறான், கடைசியில் தராசு.  பெரும்பாலானவர்கள் வேலையில் இருக்கிறார்கள்.

கீழே எழுத்து: இது ரொட்டிக்காரரும் ஒப்பந்தக்காரருமான மார்க்கஸ் வெர்ஜிலியஸ் யூரிசேசஸின் நினைவிடம், ‘அப்பரெட்’. அந்தக் கடைசிச் சொல்லில்தான் சண்டை. அரசு அலுவலரின் உதவியாளர் என்ற பதவியின் சுருக்கம் என்பது ஒரு கட்சி. ‘பார்த்தாலே தெரியுதில்ல?’ என்ற கிண்டல் என்பது இன்னொரு கட்சி. அந்தத் துளைகளைப் பார்த்துவிட்டு வந்த நான் இரண்டாவது கட்சி.