மானம், பெருமை, சான்றாண்மை: தோட்டப்புறத்திலிருந்து ஒரு நோக்கு

திருக்குறளின் 97, 98, 99ஆம் அதிகாரங்கள் முறையே மானம், பெருமை, சான்றாண்மை என்பன. அடுத்தடுத்து அமைந்த இம்மூன்றும் தன்மதிப்பு, பணிவு, கடமை ஆகிய விழுமியங்களை ஒன்றோடொன்று பிணைத்துப் பேசுகின்றன. மேடைகளில் இவை தனித்தனியே எடுத்தாளப்படுவதால் அப்பிணைப்பு மறைந்துபோகின்றது. சேர்த்து வாசிக்கும்போது புலனாகும் பொருள் யாது, சப்ரகமுவத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து வந்த மாணவனுக்கு அது எவ்வாறு ஊக்கமளிக்கக்கூடும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலே பணிவு அறமாகப் போதிக்கப்படவில்லை, ஒழுங்காக விதிக்கப்பட்டது. துரை வரும் பாதையில் தலைப்பாகையைக் களைந்து ஒதுங்கி நின்ற கதையை நம் முதியோர் இன்றும் கூறுவர். கடமை என்பதோ விடியற்காலைப் பெரட்டிலே பிரித்துக் கொடுக்கப்பட்ட அன்றைய வேலை. இச்சூழலில் வளர்ந்தவனுக்குப் பணிவைப் போதிப்பது பழைய அடிமைத்தனத்தை நினைவூட்டுவதாகவே முடியும். ஆகவே, வள்ளுவர் யாரைப் பணியச் சொன்னார் என்ற வினா முதன்மை பெறுகின்றது.

விடை மானம் என்னும் அதிகாரத்திலேயே உண்டு. செல்வம் பெருகிய காலத்துப் பணிவு வேண்டும். அது சுருங்கிய காலத்து உயர்வு வேண்டும் என்பது 963ஆம் குறளின் கருத்து. பணிவைப் பற்றிய பொதுவான எண்ணத்தை இது தலைகீழாக்கி விடுகின்றது. இக்குறளின்படி பணிய வேண்டியது பங்களா; நிமிர வேண்டியது லயம். இல்லாதவனிடம் பணிவைக் கேட்பவர் வள்ளுவரைத் துணைக்கழைக்க முடியாது.

எனினும் இங்கு ஒரு தடை எழுகின்றது. பரிமேலழகர் இக்குறளுக்குக் 'குடிப்பிறந்தார்க்கு' என்ற சொல்லை வருவித்து உரை காண்கின்றார். மானம் உயர்குடியினரின் உடைமை என்றால் கங்காணியின் பின்னே கடல்கடந்து வந்தோரின் வழித்தோன்றலுக்கு அதில் இடமில்லை. குடிமையை அடுத்து மானம் வருவதால் அவ்வுரைக்கு ஆதாரமில்லை எனக் கூறமுடியாது. ஆனால் மானத்தை அடுத்து வரும் பெருமை என்ற அதிகாரம் பிறப்பால் உயிர்கள் ஒத்தவை என்றும், வேறுபாடு செய்தொழிலால் வருவது என்றும் உரைக்கின்றது. செய்தொழிலை இங்குப் பிழைப்புக்கான தொழில் எனக் கொண்டால், பால் வெட்டுபவன் தாழ்ந்தவனாகி விடுவான். அவ்வாறு கொள்ள அடுத்த குறள் இடந்தரவில்லை. மேலிடத்து இருப்பதனால் ஒருவர் மேலானவர் ஆவதில்லை. கீழிடத்து இருப்பதனால் கீழானவர் ஆவதுமில்லை என்பது அதன் பொருள். மேட்டிலே பங்களாவும் பள்ளத்திலே லயமும் அமைந்த நிலத்தில் இக்குறளுக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. எனவே செய்தொழில் என்பது செயலின் தன்மையையே குறிக்கும் எனல் பொருந்தும்.

சான்றாண்மையின் முதற்குறளில் வரும் 'கடன்' என்ற சொல்லும் நமது கவனத்துக்குரியது. தோட்டத்திலே அச்சொல் முதலில் உணர்த்தியது வாங்கிய பணத்தையே. தொழிலாளரின் கடன்தொகையைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டோடு ஆட்கூட்டங்கள் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றப்பட்டன; 1921இலேதான் சட்டம் அம்முறையை ஒழித்தது. வள்ளுவர் கூறும் கடனோ ஒருவன் தானே உணர்ந்து மேற்கொள்வது. பிறர் சுமத்தியது கடனாகலாம். அது சான்றாண்மை ஆகாது.

ஓரிடத்தில் வள்ளுவரோடு நாம் மாறுபடவும் வேண்டியுள்ளது. மயிர் நீங்கின் வாழாத கவரிமாவை உவமை காட்டி, மானம் போகும் நிலையில் உயிர் விடுதலை 969ஆம் குறள் போற்றுகின்றது. இழிவைச் சகித்து, பிள்ளைகளுக்காக உயிர்வாழ்ந்த நம் மூதாதையர் மானமற்றோரா? கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மியர் தோட்ட வரலாறு வேறொரு விடை தருகின்றது. 1946இல் அத்தோட்டத்தைக் கிராம விரிவாக்கத்துக்கென அரசு சுவீகரித்து, இந்திய வம்சாவளித் தொழிலாளரை வெளியேறப் பணித்தது. அவர்கள் மறுத்தனர். அத்துமீறி இருந்தனர் என வழக்குத் தொடரப்பட்டது. அவர்களுக்கு ஆதரவாக வேலைநிறுத்தம் மூண்டது. இரண்டாண்டு கழித்து, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. அவ்வைம்பத்தைந்து ஆண்டுகளும் மலையிலே உழைத்து வாழ்ந்தமை மானக்கேடு அன்று. சாவதால் மட்டுமன்றி, போக மறுத்து நிலைத்து நிற்பதாலும் மானம் காக்கப்படும் என்பதற்கு நேவ்ஸ்மியர் சான்றாகும்.

இனி, 963ஆம் குறள் நம்மை நோக்கியும் திரும்புகின்றது. பல்கலைக்கழகம் புகுந்த தோட்டத்து மாணவன் சுருக்கத்திலிருந்து பெருக்கத்தை நோக்கி ஓரடி வைத்தவனாவான். நேற்றுவரை நிமிர்வு அவனது அறம். இன்று பணிவும் அவனைச் சேர்கின்றது. விரிவுரையாளர் முன் கைகட்டி நிற்பது அப்பணிவன்று. விடுமுறையில் ஊர் திரும்பும்போது, கொழுந்துக் கூடையோடு எதிரே வரும் அக்காவுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பதே அது. அவ்வாறு ஒதுங்குதல் எவரும் விதித்ததன்று. நாமே உணர்ந்து மேற்கொள்ளும் கடன்.