முகம் மாறிய வழிப்போக்கர்

ஒரு காவியத்தைக் கற்கும்போது அதன் ஆசிரியரைத் தேடுகிறோம். பல கைகள் மாறி, ஆண்டுக்கணக்கில் வளர்ந்த தொடர்கதை ஒன்றுக்கு ஆசிரியர் யார்? திரைக்குப் பின்னே அமர்ந்து முடிவெடுத்தவர்களே அதன் ஆசிரியர்கள். அவர்தம் முடிவுகளுள் எவை கதையை வாழ்வித்தன, எவை ஊறு செய்தன என ஆராய்வது திறனாய்வின் கடமையாகும். பிரிட்டனின் பி.பி.சி. நிறுவனம் 1963 நவம்பர் 23-ஆம் நாள் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ என்னும் அறிவியற் புனைகதைத் தொடரை அத்தகைய ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம்.

காலத்தையும் வெளியையும் கடந்து செல்லும் ஊர்தியில் திரியும் முதியவர் ஒருவர்; தம் பெயரைச் சொல்லாதவர்; ‘டாக்டர்’ என்று மட்டுமே அழைக்கப்படுபவர். ‘யார்?’ என்னும் வினாவே தொடரின் பெயராயிற்று.

நிறுவனத்தின் நாடகத் துறைத் தலைவர் சிட்னி நியூமன், இத்தொடரின் பொறுப்பை 28 வயது நிறையாத வெரிட்டி லாம்பர்ட் என்னும் பெண்மணியிடம் ஒப்படைத்தார். முதற்கதையை இயக்கியவர் 24 வயது இளைஞர் வாரிஸ் ஹுசைன். இவர் லக்னோவிற் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோருடன் இங்கிலாந்து சென்றவர். ‘சன்லைட் ஆன் எ ப்ரோக்கன் காலம்’ என்னும் புகழ்பெற்ற ஆங்கில நாவலை 1961-இல் வெளியிட்ட எழுத்தாளர் அத்தியா ஹுசைன் அவர்களின் புதல்வர். நம் நாட்டு முஸ்லிம் குடும்பம் ஒன்றின் பிள்ளை இத்தொடரின் தொட்டிலருகே நின்றார் என்பதை நம்மவருள் அறிந்தோர் சிலரே.

அவர்கள் பதிவு செய்த முதற்பகுதியை நியூமன் ஏற்கவில்லை. முதியவரின் கடுமை மிகுந்திருந்தது. தொழில்நுட்பக் குறைகளும் இருந்தன. ஆயினும் இளையவர்களை விலக்காமல், அதே பகுதியை மீண்டும் எடுக்கச் செய்தார். இரண்டாம் பதிவில் முதியவரின் கடுமைக்குள்ளே கனிவும் குறும்பும் எட்டிப் பார்த்தன. பிழை செய்தவர்க்கு மறுவாய்ப்பளித்த அந்த ஒரு முடிவின் மீதே பின்வந்த அனைத்தும் எழுந்தன.

வறுமையும் அங்கே நல்லாசிரியராயிற்று. செல்லுமிடத்திற்கேற்ப ஊர்தி உருமாற வேண்டும் என்பதே எண்ணம். அதற்கான பணம் இல்லை. எனவே, உருமாற்றும் பொறி பழுதுபட்டது எனக் கதையிற் சொல்லி, இலண்டன் தெருக்களில் அன்று நின்ற காவல்துறைத் தொலைபேசிப் பெட்டியின் வடிவிலேயே அதை விட்டுவிட்டனர். அந்நீலப் பெட்டி பின்னர் உலகறிந்த சின்னமாயிற்று.

விழி பிதுங்கிய அரக்கர்கள் வேண்டாம் என்பது நியூமனின் கட்டளை. ஆனால் 1963 டிசம்பரில் வந்த இரண்டாவது கதையிலேயே, டெரி நேஷன் எழுதிய ‘டாலெக்’ என்னும் உலோகக் கூட்டுக்குள் வாழும் உயிர்கள் தோன்றின. லாம்பர்ட் அவற்றுக்காக வாதாடி வென்றார். தம்மினத்தாரல்லாத எவரும் வாழத் தகாதவர் என்னும் நாஜிக் கொடுமையின் நிழல் அவற்றில் இருந்தது. நாடெங்கும் அவை புகழ் பெற்றன. ஆனால் அவற்றுக்கு உருவம் கொடுத்த ரேமண்ட் குசிக் மாதச் சம்பள ஊழியர். டாலெக் பொம்மைகள் ஈட்டிய பெருஞ்செல்வத்தில் அவருக்குப் பங்கு கிட்டவில்லை. கற்பனையைப் போற்றும் நாம் இதையும் சொல்லாது விடுதல் நீதியாகாது.

இனி, முடிவுகளுள் தலையாயதற்கு வருவோம். டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெலின் உடல் நோயால் தளர்ந்தது. வசனம் நினைவில் நிற்கவில்லை. நாயகன் போனால் தொடரும் போக வேண்டும் என்பதே உலக வழக்கம். தயாரிப்பாளர் இன்னஸ் லாய்டும் கதைப் பொறுப்பாளர் கெர்ரி டேவிஸும் வேறு வழி கண்டனர். 1966 அக்டோபர் 29-ஆம் நாள், முதியவர் ஊர்தியின் தரையிற் சாய்ந்தார். அவர் முகம் பாட்ரிக் ட்ரவுட்டன் என்னும் வேறொரு நடிகரின் முகமாயிற்று. புதியவர் பழையவரைப் போல நடிக்கவில்லை. குழலூதும் நாடோடியாக வந்தார். மாறியது உருவமும் இயல்பும். மாறாதது எளியோர் பக்கம் நிற்கும் குணம்.

இதனை ஒரு தந்திரம் என்று சிலர் ஒதுக்கலாம். முதிய கலைஞர் ஒருவரை நீக்குவதற்குக் கதையைத் திரையாகப் பயன்படுத்தினர் என்ற குறையும் கூறலாம். அக்குறையில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், பத்தாம் ஆண்டு நிறைவுக்கென எடுத்த கதையில், நோயுற்ற ஹார்ட்னெலை மீண்டும் அழைத்தனர். நிற்கவும் இயலாத அவரை அமர வைத்து, எழுதிக் காட்டிய வசனங்களைப் படிக்கச் செய்து படமெடுத்தனர். 1975-இல் அவர் மறைந்தார். நீக்கியவர்களின் நிறுவனமே மறவாமல் அழைத்தது என்பதில் ஓர் ஆறுதல் உண்டு. ஆனால் அந்நிறுவனம் பழைய நாடாக்களை அழித்தபோது முகம் மாறிய பகுதியும் காணாமற் போயிற்று. சிறுவர் நிகழ்ச்சி ஒன்றில் எடுத்தாளப்பட்டதால் அம்மாற்றத்தின் சில நொடிகள் மட்டும் பிழைத்தன.

இல்லாமையிற் பிறந்த முடிவுகள் இவை. இவற்றோடு பிற்கால முடிவொன்றை ஒப்பிடுவோம். 1969-இல், டாக்டர் தம்மினத்தாரின் சோம்பல் வாழ்வை வெறுத்து, ஊர்தியைத் திருடி ஓடி வந்தவர் என்று கதை சொல்லியது. உயர்ந்த பிறவியென்று அவரைப் பற்றி அது எதையும் கூறவில்லை. அவர் ஈட்டிய பெருமையெல்லாம் அவர்தம் செயலால் வந்தது. ஆனால் 2020-இல், கிரிஸ் சிப்னல் பொறுப்பில் வந்த கதையோ, அவ்வினத்தின் மறுவுரு ஆற்றலுக்கே டாக்டர்தாம் மூலம் என்றும், எண்ணற்ற முற்பிறவிகள் அவருக்கிருந்தன என்றும் கூறியது.

அதனால் மர்மம் பெருகியது என்பர் ஆதரிப்போர். எவரும் டாக்டராக இருந்திருக்கலாம் என்று கதவு விரிந்தது என்றும் சொல்வர். 1963-க்கு முந்திய முகமாகக் கறுப்பினப் பெண் ஒருவர் தோன்ற முடிந்தது அக்கதவினாலன்றோ? அந்நோக்கத்தை நாம் பழிக்கவில்லை. ஆயின் அதன் விலை பெரிது. செயலால் உயர்ந்த வழிப்போக்கர், பிறப்பால் உயர்ந்தவர் ஆகிவிட்டார். குலப்பெருமை பேசாத நாயகர் ஒருவருக்கு வலிந்து ஒரு குலப்பெருமை சூட்டப்பட்டது. ‘யார்?’ என்ற வினாவுக்கு ‘இன்ன வழியில் வந்தவர்’ என்பதா விடை? ‘இன்னது செய்பவர்’ என்பதன்றோ அதுவரை இருந்த விடை!

பணமில்லாதபோது பெட்டி பெட்டியாகவே நின்றது. உடல் நலமில்லாதபோது முகம் மாறியது. இரண்டிலும் கதை தன் நாயகரின் பண்பையே நம்பி நின்றது. வசதி பெருகிய காலத்தில், அப்பண்பு போதாதென்று எண்ணி வம்சாவளி தேடினர். எழுத வரும் நம் இளைஞர்களுக்கு நாம் சொல்லக் கூடியது இதுவே: உங்கள் கதை மாந்தர் எங்கிருந்து வந்தார் என்பதை விளக்க முற்படுமுன், இடர் வந்தபோது அவர் என்ன செய்தார் என்பதை எழுதுங்கள். ஹார்ட்னெல் தரையிற் சாய்ந்த அந்நாளில் எவரும் அவருடைய பூர்வீகத்தைக் கேட்கவில்லை.